தலையும் இதயமும் நான்கு குளம்புகளும்

மில்லர்ஸ்பர்க், கென்டக்கி
அக்டோபர் 6, 1998

அன்புள்ள அடலெய்டுக்கு,

வெர்னா எழுதுவது. நலம் விசாரிப்பதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்று எனக்குக் கோபம். மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. சியாட்டிலில் தொலைபேசி மணி காதில் விழாத அளவுக்கா மழை பெய்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். மேபலுக்கு நாள் குறித்துவிட்டார்கள். முன்னங்கால் இரண்டிலும் எலும்பு குளம்புக்குள் இறங்கிவிட்டது. பல் போய்விட்டது. தவிட்டை ஊறவைத்துக் கஞ்சி மாதிரி கொடுத்தால்தான் இறங்குகிறது. டாக்டர் கோம்ப்ஸ் சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு, இந்த மாதம் இருபத்து நான்காம் தேதிக்கு மேல் இழுப்பது பாவம் என்று சொல்லிவிட்டார். அதில் எனக்குச் சண்டை இல்லை. இருபத்தாறு வயது ஒரு தாய்க்குதிரைக்குப் பெரிய வயது. அவள் படும் வேதனையை தினமும் பார்க்கிறவள் நான்தான்.

என் வயிற்றெரிச்சல் அதற்குப் பிறகு நடக்கப்போவதைப் பற்றி. உன் தம்பி கிளே அவளுடைய தலை, இதயம், நான்கு குளம்புகள், இவ்வளவை மட்டும் ஒரு பெட்டியில் வைத்துப் பண்ணை வாசலில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப் போகிறான். மீதி உடம்பை ஏற்றிக்கொண்டு போக இறந்த மாடுகளை அள்ளும் லாரிக்குச் சொல்லியாகிவிட்டது.

இது நம் ஊர் வழக்கம்தானே என்று நீ சொல்வாய். தெரியும். பெரும்பாலான குதிரைகளுக்கு அந்தப் பெட்டிகூடக் கிடையாது, அதுவும் தெரியும். தலை மன உறுதிக்கு, இதயம் துணிச்சலுக்கு, குளம்பு வேகத்துக்கு. ஓடி ஜெயித்த குதிரைக்கு அது பொருந்தும். மேபல் எங்கே ஜெயித்தாள்? பதினோரு பந்தயம் ஓடினாள், ஒரே ஒரு தடவை மூன்றாவதாக வந்தாள், அன்றும் முன்னால் ஓடின இரண்டு குதிரைகள் மோதிக்கொண்டதால் வந்த மூன்றாவது இடம். அந்தக் குளம்புகளுக்கா மரியாதை?

அவள் எதனால் மேபல் என்று உலகத்துக்கே தெரியும். பதினான்கு குட்டிகள். அதில் ஒன்பது ஜெயித்தவை. நான்காவது குட்டிதான் கமடோர். அவன் பேரைச் சொல்லித்தான் உன் தம்பி இன்றைக்கும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு விருந்துக்குப் போகிறான். மகள்களில் ஒருத்தி அயர்லாந்தில், ஒருத்தி ஜப்பானில். அவர்களுடைய மகள்களும் இப்போது பெற ஆரம்பித்துவிட்டார்கள். நவம்பர் ஏலத்தில் நின்று பார், பெரிய பெரிய ஆட்கள் விற்பனைக்கு வரும் குதிரைகளின் வம்சாவளிப் புத்தகத்தைத் திறந்ததும் விரலை நேராகப் பக்கத்தின் அடிவரிக்குக் கொண்டுபோவார்கள், தாய்வழி எழுதியிருக்கும் வரி. அங்கே மேபல் பேர் இருந்தால் உதட்டைப் பிதுக்காமல் மேலே படிப்பார்கள். ஒரே தகப்பனுக்கு ஆயிரம் குட்டி பிறந்தாலும் நம் தொழிலில் அவற்றை அண்ணன் தங்கை என்று யாராவது சொல்கிறோமா? ஒரு வயிற்றில் பிறந்தால்தான் உடன்பிறப்பு. பேச்சில் அப்படி, புதைக்கும்போது மட்டும் வேறு கணக்கா?

கமடோர் செத்தபோது என்ன செய்தார்கள் என்று உனக்கு நினைவிருக்கும். முழு உடம்பு. பண்ணைக்கொடியைப் போர்த்தி, பள்ளத்தை வெட்ட ஒரு நாள் எடுத்து, தலைமாட்டில் வெண்கலச் சிலையும் வைத்தார்கள். மகன் முழுசாகப் படுத்திருக்கிறான். அவனைப் பெற்றவள் அவன் காலடியில் ஆறு துண்டாகக் கிடக்க வேண்டுமாம்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் எல்லாரும் பன்னும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிளே இதை, உரம் வாங்குகிற விஷயத்துக்கும் வேலி சரிசெய்கிற விஷயத்துக்கும் நடுவில் வைத்துச் சொன்னான். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏன் கிளே, மேபல் ஓடுன வேகத்தாலயா நாமெல்லாம் வயித்தக் கழுவுறோம்?" என்று கேட்டேன்.

"வெர்னா, காலங்காத்தால ஆரம்பிக்காத. ஜெயிச்ச குதிரைக்குத்தான் முழு உடம்பு. அப்பா வச்ச வழக்கம். அவளுக்கு இதுவே பெரிய மரியாதை" என்றான்.

"துண்டாத்தான் பொதைக்கணும்னா அவ கர்ப்பப்பைய எடுத்துப் பொதை. பதினேழு வருஷமா நீங்க எல்லாரும் தின்னது அதத்தானே?"

டாக்டர் கோம்ப்ஸுக்குக் காபி புரை ஏறிவிட்டது. எலீசியோ, உனக்குத் தெரியாது, மெக்சிகோவிலிருந்து வந்தவன், இப்போது தாய்க்குதிரை லாயம் முழுவதும் அவன் பொறுப்பில். அவன் தன் ஆட்களுக்கு நான் சொன்னதை அவர்கள் மொழியில் முணுமுணுத்தான். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சாப்பிடுற எடத்துல பேசுற பேச்சா இது?" என்று கிளே முகம் சிவந்தான்.

"சாப்பாடே அங்கருந்துதான் வருது, அதான் ஞாபகப்படுத்துனேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பன் பாதியில் இருந்தது, அதுகூட எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் எனக்குத்தான் கெடுதல். போன மாதம் குதிரைப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளிடம் கிளே, மேபலைக் கண்டுபிடித்தது அப்பாவின் கண் என்று கூசாமல் சொன்னான். அச்சிலும் வந்துவிட்டது. அப்பாவின் கண்! மேபலை வாங்கின அன்று ஏலத்தில் உன் அப்பா சாப்பிடப் போயிருந்தார். முட்டி உள்பக்கம் வளைந்த அந்த நாலு வயதுக் குதிரையைக் கேட்க ஆளே இல்லாமல் இருந்தபோது கையைத் தூக்கினது உன் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டாம் அம்மா, வேண்டாம் அம்மா என்று அவர் கையைப் பிடித்து இழுத்தது நான். "இவ பாக்குற பார்வையப் பாரு வெர்னா. எதையும் மறக்க மாட்டா" என்று சொன்னார். உன் அப்பா இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. ஒரு கழுதையை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறாள் என்று தேவாலயத்து வாசலில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பெல்லாம் பத்திரிகையில் வரவில்லை.

நான் ஏன் இவ்வளவு குதிக்கிறேன் என்று உனக்குத் தோன்றலாம். குதிரை என்னுடையது இல்லை, நான் லாயத்தில் சம்பளத்துக்கு இருக்கிறவள். ஆனால் அந்தப் பதினான்கில் பதின்மூன்று இந்தக் கையில்தான் விழுந்தன. கமடோர் கால் மடங்கி வந்தான். முழங்கை வரை உள்ளே விட்டு அந்தக் காலை நான் நேராக்கும்வரை அவள் என்னை ஒரு உதைகூட உதைக்கவில்லை. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அவளுடைய அந்த உடம்பை, உப்பிச் செத்த மாட்டோடு சேர்த்து, கொழுப்புக் காய்ச்சுகிற இடத்துக்கு அனுப்புவதை நான் நின்று பார்க்க வேண்டும் என்கிறான் உன் தம்பி.

உன் அம்மா பண்ணையைப் பாதி அவனுக்கும் பாதி உனக்கும் எழுதினார். அவன் அனுப்புகிற காகிதத்தில் எல்லாம் ஆறு வருடமாக நீ கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறாய், படிக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியாது. இந்த ஒரு தடவை கையெழுத்துப் போடாதே. மேபலை முழுசாகப் புதை என்று ஒரு வரி எழுது. உன் வரியை அவனால் தாண்ட முடியாது. இருபத்து நான்காம் தேதிக்கு முன்னால் அது அவன் மேசைக்கு வந்தாக வேண்டும்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மகள் பரீட்சை எழுதினாளா? கேட்கக்கூடாது என்று நினைத்தேன், கேட்டுவிட்டேன். கடவுள் உன்னைக் காக்கட்டும், கூடவே கொஞ்சம் முதுகெலும்பும் கொடுக்கட்டும்.

உன் தோழி,
வெர்னா ஸ்டாம்பர்

•

மில்லர்ஸ்பர்க்
நவம்பர் 2, 1998

அன்புள்ள அடலெய்டுக்கு,

உன் அட்டை இருபத்தொன்றாம் தேதி வந்தது. முன்பக்கம் கடல், கப்பல், பறவை எல்லாம் அழகாக இருந்தன. பின்பக்கம் நீ எழுதியிருந்தது: "கிளேவோடு இன்னொரு சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை. செத்த பிறகு அவளுக்கு என்ன தெரியப்போகிறது, வெர்னா?"

அவளுக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியும். நான் உயிரோடுதானே இருக்கிறேன்?

அந்த அட்டையைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பிறகு ஏனோ மனம் வரவில்லை, அலமாரியில் இருக்கிறது. என்ன நடந்தது என்று உனக்குச் சொல்கிறேன். வேறு யார் வாயிலாவது கேட்பதைவிட என்னிடமிருந்து தெரிந்துகொள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் கோம்ப்ஸ் வந்தார். நல்ல வெயில். நான் ஒரு பை நிறைய புதினா மிட்டாய் கொண்டுபோயிருந்தேன். பல் இல்லாததால் கல்லில் தட்டித் தூளாக்கி உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன், எல்லாவற்றையும் நக்கித் தின்றாள். ஊசி போட்டதும் ஒரு பெருமூச்சோடு என் பக்கமாகச் சாய்ந்தாள். கஷ்டம் இல்லாமல் போனாள். அதற்கு மேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வேலிப்பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றேன்.

பிற்பகல் விழா. பாதிரியார் வந்தார், புகைப்படக்காரர் வந்தார், பண்ணைக்கொடி போர்த்திய பெட்டி வந்தது. கிளே நன்றாகப் பேசினான், பொய் சொல்லக்கூடாது. அவன் கண்கூடக் கலங்கியது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அதே நேரத்தில் லாயத்துக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிய லாரி விழா முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாதாம்.

நான் அங்கேதான் போனேன். லாரிக்காரன் பேர் டெல்மர். அவன் அம்மாவும் நானும் ஒரே தேவாலயம்.

"டெல்மர், வண்டிய என் வீட்டுக்கு ஓட்டு" என்றேன்.

"என்ன மிஸ் வெர்னா சொல்றீங்க? இது ஃபேக்டரிக்குப் போக வேண்டிய சரக்கு. வாங்குனவங்க கையெழுத்து வேணும், இல்லைன்னா என் சீட்டு கிழிஞ்சிரும்."

"கொண்டா, நான் போடுறேன்."

"பேரு என்னன்னு எழுதுவீங்க?"

"என் பேருதான். வேற யாரு பேரு?"

அவன் தார்ப்பாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, ஞாயித்துக்கிழம பாட்டுக் குழுவுக்கே சொல்லிரும்" என்றுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நாலு ஏக்கரை நீ பார்த்ததில்லை. ஓடைப்பக்கம் ஒரு மேடு இருக்கிறது. மண்வெட்டியோடு நான் அங்கே போய் நின்றபோதுதான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று புரிந்தது. ஒரு கிழவி மண்வெட்டியால் குதிரைக்குப் பள்ளம் தோண்டப் போகிறாளா? லாரியில் டெல்மர் கடிகாரத்தைப் பார்க்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது சாலையில் ஒரு இரைச்சல். பண்ணையின் பள்ளம் தோண்டும் இயந்திரத்தை எலீசியோ நெடுஞ்சாலை வழியாகவே ஓட்டிக்கொண்டு வருகிறான், பின்னால் இரண்டு வண்டி நிறைய லாயத்து ஆட்கள். யாரும் கூப்பிடவில்லை.

"மொதலாளி கேட்டா என்ன சொல்லுவ?" என்று கேட்டேன்.

"பள்ளம் வெட்டச் சொன்னாரு, வெட்டுனேன். எத்தனைன்னு அவரு சொல்லல" என்றான்.

வாசலில் அந்தப் பெட்டிக்கு வெட்டின குழி இருபது நிமிட வேலை. இங்கே மூன்று மணி நேரம் ஆனது. அவளை மெதுவாக இறக்கினார்கள். அவள் வயிற்றின்மேல் கையை வைத்தேன். பாதிரியார் இல்லை, எனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தைச் சொன்னேன். எலீசியோவின் ஆட்கள் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார்கள், அது என்னுடையதைவிட நீளமாக இருந்தது.

கிளே திங்கட்கிழமை வந்தான். யார் சொன்னார்களோ தெரியாது. காரை விட்டு இறங்கி நேராக ஓடைப்பக்கம் நடந்தான். புது மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்க என்னத்த பொதைச்சு வச்சிருக்க?"

"உன் பண்ணையத்தான்" என்றேன்.

வேலையை விட்டு நிறுத்துவான் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், காரில் ஏறிப் போய்விட்டான். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன், யாரும் போகாதே என்று சொல்லவில்லை. எலீசியோவும் வேலையில்தான் இருக்கிறான்.

வாசலில் கல் வைத்துவிட்டார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க்காரர்கள் வந்து பூ வைத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். மேபல் இங்கேதான் இருக்கிறாள் என்று குழந்தைகளுக்குக் காட்டினார்கள். நான் அந்தப் பக்கமாக வண்டியில் போகும்போது திரும்பிப் பார்ப்பதில்லை.

அடலெய்ட், உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இந்த வயதில் புதுத் தோழிக்கு நான் எங்கே போவேன், அதனால் எழுதுகிறேன். மகளைக் கூட்டிக்கொண்டு ஏப்ரலில் வா. மேட்டில் புல் விதைத்திருக்கிறேன், அப்போது முளைத்திருக்கும். பண்ணை வாசலில் நிற்க வேண்டாம், நேராக என் வீட்டுக்கு வந்துவிடு. மேட்டில் நான் கல் வைக்கவில்லை. வைத்தால் கிளே ஊர்வாய்க்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அவன் தொப்பியைக் கழற்றினதற்காக அதை விட்டுக்கொடுத்தேன். புல் நன்றாகப் படர்ந்துவிட்டால் எந்த இடம் என்று அடையாளம் தெரியாது. நான்தான் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எனக்கும் இந்த டிசம்பரோடு அறுபத்து நான்கு ஆகிறது.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வெர்னா