ஈ ஓட்டுபவரும் கொசு அடிப்பவர்களும்

என் அன்பு மனைவிக்கு,

எதையாவது விட்டுவிடுவேன் என்ற பயத்தில் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. என் உடம்பு.
2. நேற்றைய கச்சேரி.
3. நம் மகள் இந்த மாணவர் இசைக்குழு வேலையை விட்டுவிட்டு என்னோடு ஊர் திரும்ப வேண்டியதற்கான காரணங்கள்.

உடம்பு நன்றாக இருக்கிறது. மாத்திரையை மறக்கவில்லை.

கச்சேரியில் மகளின் குழுவிலுள்ள நம் ஊர்ப் பிள்ளைகளும் இந்த நாட்டு மாணவர்களும் சேர்ந்து பாட வேண்டும். ஒத்திகையில் ஒரே குழப்பம். அவர்களுடைய ஆசிரியர் குச்சியை வீசித் தாளம் காட்டுகிறார். நம் பிள்ளைகள் தொடையில் தட்டிப் பழகியவர்கள். மிருதங்கம் வாசிக்கும் பெண் அலுத்துக்கொண்டாள்.

"மேடம், இவர் தாளம் போடறாரா, ஈ ஓட்டறாரா?"

"நீ தட்டறது அவங்களுக்குக் கொசு அடிக்கிற மாதிரிதான்டி இருக்கும்," என்றாள் நம் மகள். அதையே அவர்கள் மொழியிலும் சொன்னாள். எப்போது கற்றாளோ, நாம் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் சிரித்தது. பிறகு குச்சியையும் தட்டலையும் நிறுத்திவிட்டு, எல்லோரையும் கலந்து நிற்கவைத்து, பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து மூச்சு இழுத்துப் பாட்டைத் தொடங்கப் பழக்கினாள்.

நேற்று மேடையில் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. பாட்டு பிசிறில்லாமல் எழுந்தது. பக்கத்து இருக்கைப் பெண்மணி அவளைக் காட்டி, யார் என்று சைகையில் கேட்டார். "என் மகள்!" என்று உரக்கவே சொல்லிவிட்டேன். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

கையோடு கூட்டி வருகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்துத்தான் புறப்பட்டேன். அவள் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாய். ஆனாலும், மூன்றாவதை நான் வரிசையில் சேர்த்ததே தவறு.

நீ சொல்வதுபோல்,
உன் பயந்தாங்கொள்ளி