பூமிகா வண்டியின் மீட்டர்

பொன்னேரி
5-8-2024

மாப்ள குணாவுக்கு மாமா பச்சையப்பன் எழுதறது.

நானும் சின்னவ நர்மதாவும் நல்லாக்கீறோம். நீ வேளைக்கு துன்றியா இல்லியா தெரியல. போனு பேசினா எனக்குக் காது கேக்காது. முப்பது வருஷம் ரைஸ் மில்லுல நின்ன காது, இன்னா பண்றது. அதான் லெட்டர்.

உங்க சிப்காட்டுலயே நர்மதாவுக்கு வேலை கெடச்சிருக்கு. ஷேர் ஆட்டோல தொங்கினு போவுது. வண்டி வாங்கணும்னு ஒரே பேஜாரு. நீ மெஷின் பாக்கறவன். செலவு வைக்காம ரொம்ப நாள் ஒழைக்கற வண்டி எதுன்னு சொல்லு. இல்ல, பூமிகா வண்டி சும்மாதான நிக்குது, அதக் குடுத்தாலும் சரி.

ஒரு வருத்தம். ஞாயித்துக்கிழமைன்னா வாசல்ல வந்து ஹாரன் அடிக்கிற. நான் எழுந்து வர்றதுக்குள்ள பூடற. உள்ள வந்தா இன்னா மாப்ள?

பச்சையப்பன்


கும்மிடிப்பூண்டி
9-8-2024

மாமாவுக்கு,

சாப்பிடறேன். கேன்டீன் இருக்கு.

புதுசா எறங்கின மாடல் வேணாம். அஞ்சாறு வருஷம் ரோட்டுல ஓடி, தெருமுனை மெக்கானிக்குக்கும் கை பழகின வண்டியா எடுங்க. ஸ்பேர் பொன்னேரியிலயே கெடைக்கணும். கிக்கர் இருக்கணும். ஸ்கிரீன், ப்ளூடூத்லாம் வேணாம், கூட இருக்கறதுதான் மொதல்ல போவும். ஆயிலை டயத்துக்கு மாத்தினா பாஞ்சு வருஷம் ஓடும். பூமிகாவுக்கு இதெல்லாம் பாத்துதான் எடுத்தேன். வண்டிக்கு ஒண்ணும் ஆவல.

அந்த வண்டியத் தர முடியாது. கோச்சிக்காதீங்க. நான் உங்க ஊட்டுப் பக்கம் வந்து எட்டு மாசம் ஆவுது. ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி. பூமிகா செத்ததுலேர்ந்து அது வண்டிய நான் தொடல. சாவி என் பாக்கெட்லதான் இருக்கு. ஆனா ஒவ்வொரு ஞாயிறும் மீட்டர்ல முப்பத்தி நாலு கிலோமீட்டர் ஏறுது. மெயின்டனன்ஸ்காரன் புத்தி, நோட்டுல எழுதினு வர்றேன்.

மீட்டர்தான் ஃபால்ட்டுன்னு நெனச்சேன். போன ஞாயிறு, புது வண்டிக்கு வைப்போமே, அந்த மாதிரி முன் டயர் அடியில ஒரு எலுமிச்சம்பழம் வச்சிட்டு டூட்டிக்குப் போனேன். சாயங்காலம் வந்து பாத்தா நசுங்கி இருந்துச்சு. பெட்ரோல் கொறையல.

எங்க ஊட்லேர்ந்து உங்க வாசல் பதினேழு கிலோமீட்டர் மாமா.

குணா


பொன்னேரி
13-8-2024

மாப்ளைக்கு,

உன் லெட்டர நர்மதாவாண்ட காட்டல. ‘ஞாயித்துக்கிழமை வண்டி சத்தம் கேட்டுதா’ன்னு மட்டும் கேட்டேன். ‘பக்கத்துல கத்தினாலே உனக்குக் கேக்காது, தெருவுல போற ஹாரன் கேக்குதா’ன்னு கிண்டல் பண்ணுச்சு. வாசல்ல மண்ணுல டயர் தடம் கீது, வந்து திரும்பின தடம். அதக் காட்டினேன். அது குனிஞ்சு தடத்தத் தொட்டுப் பாத்துச்சு.

பூமிகா ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குத்தான் வரும். இதுவும் மூணு மணிதான்.

பச்சையப்பன்


கும்மிடிப்பூண்டி
17-8-2024

மாமாவுக்கு,

இத யார்கிட்டயும் சொன்னதில்ல.

பூமிகாவோட கடைசி ஞாயிறு காலையில, டூட்டிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி, அது வண்டிய சர்வீஸ் பண்ணினு இருந்தேன். பின் வீல் பேரிங்ல ஏதோ லேசா சத்தம். ஸ்க்ரூடிரைவரை பேரிங்ல முட்டுக்குடுத்து, பிடிய காதுல வச்சுக் கேட்டுனு இருந்தேன். பூமிகா வந்து, ‘தல வலிக்குதுங்க, ஒரு மாதிரி இருக்கு’ன்னுச்சு. அந்த வாரத்துல அது மூணாவது வாட்டி. ‘இரு, சத்தம் கேக்கணும்’னு கையக் காட்டி நிறுத்தினேன்.

அப்பால அதே வண்டில உங்களப் பாக்க வந்துச்சு. மறுநாள் கம்பெனியில விழுந்துச்சு. மூளையில ரத்தக்கசிவுன்னாங்க.

பேரிங்ல ஒண்ணும் இல்ல மாமா.

நான் இல்லாத நேரமா பாத்துதான் வண்டி கெளம்புது. 25-ம் தேதி ஞாயிறும் வரும். வந்தா, என் மேல கோவமான்னு கேளுங்க. உங்களுக்குத்தான் அது சத்தம் கேக்குது.

குணா


பொன்னேரி
2-9-2024

மாப்ள குணாவுக்கு,

இன்னொரு ஞாயிறு போவட்டும்னு இருந்தேன், அதான் லேட்டு. வண்டி காணோம்னு நீ எங்கயும் தேடியிருக்க மாட்ட. இங்கதான் கீது.

25-ம் தேதி மூணு மணிக்கு முன்னாடியே வாசல்ல சேர் போட்டு குந்திகினு இருந்தேன். ஹாரன் கேட்டு தலையத் தூக்கினா எதுக்கால வண்டி. இன்ஜின் ஓடினு இருந்துச்சு. ஸ்டாண்டு போடல, யாரும் பிடிக்கல, சாயாம நின்னுச்சு. நீ சொன்னத அப்படியே கேட்டேன்.

அப்பால என்னுதையும் கேட்டேன். அன்னிக்கு எங்கிட்டயும் சொல்லுச்சு மாப்ள. காதாண்ட வந்து, ‘தல வலிக்குது நைனா’ன்னு கத்திச்சு. எனக்கு நல்லாவே கேட்டுது. தைலம் தேச்சுக்கோன்னு அனுப்பிச்சுட்டேன். இத்தினி நாளா உன்னாண்ட சொல்ல எனக்கு வாய் வரல.

இன்ஜின் நின்னுபோச்சு, அவ்ளோதான். நான் போய் ஸ்டாண்டு போட்டேன். சீட்டு சூடா இருந்துச்சு.

முன் டயர் அடியில எலுமிச்சம்பழம் வச்சேன். நேத்து ஞாயித்துக்கிழமை. மூணு மணியாச்சு, நாலு மணியாச்சு. பழம் காஞ்சினு அப்படியே கீது. எனக்கும் ஒரு சத்தமும் கேக்கல. உன் நோட்டுல பதினேழு மட்டும் ஏத்திக்கோ.

நர்மதாவுக்கு நீ சொன்ன மாதிரி வேற வண்டி பாக்கலாம். வர்ற ஞாயிறு லீவு சொல்லிட்டு ரயில்ல வா. பூமிகா வண்டி சாவி உன்னாண்டதான கீது, அதையும் எடுத்துனு வா.

வாசல்லயே நிக்காத. உள்ள வா.

பச்சையப்பன்