ஒண்ணு எழுதித் தாங்கய்யா

ஆனி 20, வெள்ளி

விடிந்ததிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. உளுந்தில் பூச்சி. வெயில் அடித்தால் காயப்போட வேண்டும்.

தலைக்கு எண்ணெய் வைக்கும்போது யோசனை. சங்கரனுக்கு உச்சியில் சுழி வலது பக்கமா, இடது பக்கமா. தெரியவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. ஆறு வயது வரைக்கும் நான்தானே தலை சீவிவிட்டேன். போன ஐப்பசியில் போனான். வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் சுழி போய்விட்டது. அடுத்து மூக்கா, கண்ணா.

ஒரு போட்டோ கிடையாது. படம் பிடித்தால் பிள்ளைக்கு ஆயுசு குறையும் என்று அத்தை விடவில்லை.

மத்தியானம் இவரிடம் மறுபடியும் கேட்டேன். ஊரில் உள்ள முகத்தையெல்லாம் படமாக எழுதுகிறீர்கள், நம் பிள்ளையை ஒரு தடவை எழுதித் தாருங்கள் என்று. தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்:

"முகம் வரமாட்டேங்கு, கோமு. கண்ணை மூடினா அவன் தொண்டைதான் வருது."

அடுக்களைக்கு வந்துவிட்டேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

ஆனி 21, சனி

சாரல். ஐந்தருவிப் பக்கம் நல்ல கூட்டமாம்.

பக்கத்து வீட்டுச் செண்பகம் முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

"கிறுக்குப் பிடிச்சவனை எல்லாம் அருவிக்குக் கூட்டியாராவ, குளிச்சித் தெளிஞ்சி ஊருக்குப் போறான். உங்க வீட்டு டாக்டரய்யா தெளிஞ்சவரா வந்து, இங்கன எதுத்தாப்ல போறாருக்கா."

சிரித்துவிட்டேன். பிறகு மனசு கஷ்டமாக இருந்தது. அவள் சொன்னதில் என்ன பொய். தென்காசியில் வாசலில் ஆட்கள் காத்துக்கிடந்த வைத்தியம். பிள்ளை போனதும் பெட்டியைப் பூட்டிப் பரண்மேல் போட்டார். இங்கே வாடகை வீடு. செங்கோட்டையிலிருந்து வரும் தேயிலைப் பெட்டிப் பலகையில் சாயம் பூசிப் படம் எழுதுகிறார். அருவிக்கரையில் சங்கிலி போட்டுக் கூட்டிவரும் ஆட்கள், விரல் போனவர்கள், பிள்ளை பெறாதவள், எல்லோரையும் உட்காரவைத்து எழுதுகிறார். சாரலில் சாயம் காய்வதில்லை. குமுட்டி அடுப்பில் கரி போட்டுக் காட்டவேண்டியிருக்கிறது. அது என் வேலை.

வைத்தியம் கேட்டு இன்னும் ஆள் வருகிறது. எல்லோருக்கும் ஒரே பதில், "வைத்தியம் விட்டாச்சு. இப்ப எழுதுறது மட்டும்தான்."

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டதற்குச் சொன்னார்: "இத்தனை வருஷம் நாக்கைப் பார்த்தேன், இமையை இழுத்துப் பார்த்தேன். ஆளைப் பார்க்கல."

ஆனி 23, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மத்தியானத்துக்குமேல் இலஞ்சியிலிருந்து ஒருத்தி வந்தாள். மாடத்தி என்று பேர். வயல் வேலைக்காரி. தோளில் பெண்பிள்ளை, நாலு வயது இருக்கும். "பேச்சிக்குக் காய்ச்சல்யா" என்றாள். இவர் வழக்கம்போல, "வைத்தியம் விட்டாச்சும்மா, எழுதுறது மட்டும்தான்."

"அது போதும்யா. ஒண்ணு எழுதித் தாங்கய்யா, போயிருதேன்."

இவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தாளை எடுத்தார், எழுதினார். நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முடித்ததும் மாடத்தி தாளை மடித்து இடுப்பில் செருகிக் கும்பிட்டுவிட்டு விறுவிறு என்று போனாள். உட்காரவைத்து எழுதினால் ஒரு தாள் அவர்களுக்கே கொடுப்பது இவர் வழக்கம். அதனால் ஒன்றும் தோன்றவில்லை.

அடுக்களை வாசலைத் தாண்டும்போது பிள்ளையின் கழுத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் புடைத்துப்போய். வாயிலிருந்து அந்த வாடை. சங்கரன் படுத்துக்கிடந்தபோது என் வீட்டுக்குள் வீசிய வாடை, எனக்குத் தெரியாதா. தேங்காய்மூடி கையை விட்டு உருண்டது.

உள்ளே ஓடினேன். "ஏங்க, அந்தப் பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான்."

இவர் சுவரைப் பார்த்து நின்றார். "ஆமா."

"தெரிஞ்சா எழுதினீங்க?"

"எழுதும்போது கோடுதான் தெரிஞ்சுது. அவ மடிச்சபிறகுதான் என்னன்னு தெரிஞ்சுது."

செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார். வேட்டி முழங்கால்வரை சேறு. இருட்டும் நேரத்துக்குத் திரும்பினார். இலஞ்சியில் வீடு பூட்டியிருக்கிறதாம். தென்காசிக்கு வண்டியேறிவிட்டாளாம், மருந்துக்கடைக்கு. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், டாக்டரய்யா சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டார் என்று.

சீட்டு. அவள் கேட்ட எழுத்து அது. இவர் சொன்ன எழுத்து வேறு.

ஆனி 24, செவ்வாய்

சாரல் விட்டது. வெயில். உளுந்து காயப்போடவில்லை.

இவர் காலை பஸ்ஸில் தென்காசிக்குப் போனார். மருந்துக்கடை பூட்டியிருந்ததாம், கடைக்காரர் வீட்டில் விசேஷம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய், உள்ளே போகாமல் திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"செத்துப் போச்சுன்னு சொல்லிட்டா?"

சாப்பிடவில்லை. பரண்மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தார், திறக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தப் பேச்சியின் முகமாவது ஒரு தாளில் இருக்கிறது. அவள் ஆத்தாளுக்கு அது மிச்சம். எனக்கு என்ன இருக்கிறது.

இதை நினைத்தேனே. உயிரோடு இருக்கிறதா என்று தெரியாத பிள்ளையைப் பார்த்துப் பொறாமை. முருகா.

ஆனி 27, வெள்ளி

செண்பகம் வீட்டுக்காரர் ஜட்கா ஓட்டுகிறவர், தென்காசியில் கேட்டுவந்து சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

மாடத்தி மருந்துக்கடையில் தாளை நீட்டியிருக்கிறாள். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "ஏட்டி, இதுல மருந்து எங்கன இருக்கு, உன் மவதான் இருக்கா" என்று சிரித்திருக்கிறார். அவள் நகரவில்லை. "டாக்டரய்யா எழுதினது, பாத்துத் தாங்க அண்ணாச்சி" என்று அழுதிருக்கிறாள். பிள்ளை மூச்சுக்கு இழுத்திருக்கிறது. கடைக்காரர் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கேயும் அவள் அதே தாளைத்தான் நீட்டியிருக்கிறாள். அங்குள்ள சின்ன டாக்டர் படத்தின் கழுத்தைப் பார்த்தார், பிள்ளையின் கழுத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலிலேயே பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிட்டார். ஊசி போட்டாயிற்று. நேற்றுக் கஞ்சி குடித்ததாம்.

நமக்கு அந்த ஊசி பாளையங்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை.

செண்பகம் விடுவாளா. "மருந்துச்சீட்டுல பொம்மை போட்டுப் பிழைக்க வச்ச டாக்டரு உலகத்துல நம்ம அய்யா ஒருத்தர்தாம்க்கா."

இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டை எடுக்கவே இல்லை. செண்பகம் மெதுவாக எழுந்து போய்விட்டாள்.

ஆனி 28, சனி

வெயிலும் சாரலுமாக.

காலையில் நானே ஒரு பலகையைத் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். எதிரில் மணையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஊரார் பிள்ளை கழுத்தை அப்படிப் பார்த்தீங்களே. நம்ம பிள்ளையைப் பார்த்ததும் இதே கண்ணுதான். என் நெத்தி, என் நாடி அவனுக்கு. என்னைப் பார்த்து எழுதுங்க."

பலகையைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"கழுத்துல இருந்துதான் வரும், கோமு."

"வரட்டும். அங்கன இருந்து மேல வாங்க."

எழுதினார். வீங்கின கழுத்து. நான் கண்ணை எடுக்கவில்லை. எழுந்திருக்கவில்லை. "அழாத, முகம் மாறுது" என்றார். நிறுத்திக்கொண்டேன். அடுப்பில் சோறு குழைந்துபோயிற்று, போகட்டும். கழுத்துக்கு மேலே நாடி வந்தது. என் நாடி இல்லை, அவனுடையது. அப்புறம் உதடு. இரண்டு உதட்டையும் சேர்த்து மூடி எழுதினார்.

"அப்படி இல்ல. அவனுக்கு வாய் மூடாது. முன்பல் விழுந்திருந்துதுல்லா."

தூரிகை நின்றது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

"எந்தப் பக்கம்?"

"இடது" என்றேன். யோசிக்கவே இல்லை.