நாம் இருவர் மட்டும் குடித்த ஒயின்

கடையின் பின்னறையில் ஒரு காலி பாட்டில் நிற்கிறது. வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டு, புளி கரைத்துக்கூடக் குலுக்கிக் கழுவிவிட்டேன். அந்த வாசனை போவேனா என்கிறது. பருப்பு மூட்டைகளையும் சீரக டப்பாவையும் தாண்டி வந்து மூக்கில் ஏறுகிறது. முதலில் கிராம்பு, அதன் பின்னாலேயே காடிப் புளிப்பு. கண்ணை மூடினால் நீ பக்கத்தில் நின்று, "இந்த வருசம் கொஞ்சம் தேவலைலே" என்பது போலிருக்கிறது. எந்த வருஷமும் தேவலையாக இருந்ததில்லை.

நீ போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. அதில் நான் செய்த காரியத்தை உன்னிடம் சொல்லியாக வேண்டும். கேட்டால் திட்டுவாய். திட்ட நீ இல்லை என்கிற தைரியத்தில்தான் எழுதவே உட்கார்ந்திருக்கிறேன்.

என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். காலையில் என் பலசரக்குக் கடையில் ஒரு விஷயம் விழுந்தால் மத்தியானத்துக்குள் அது ஓட்டப்பிடாரம் பஸ் ஏறிவிடும். துறைமுகத்தில் யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவன் கேக்கை மட்டும் தின்றுவிட்டுக் கிளம்பினான், எல்லாம் என் வழியாகத்தான் போகும். அப்படிப்பட்டவன் உனக்காக ஒரே ஒரு ரகசியத்தை இத்தனை வருஷமாக விழுங்கி வைத்திருந்தேன். தெருவே சப்புக்கொட்டிய உன் கிறிஸ்துமஸ் ஒயின், நீ போட்டது இல்லை.

உன் தலைக் கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? மணப்பாட்டிலிருந்து உன் மாமனார் வருவதாக இருந்தது. அவர் வீட்டு ஒயினைக் குடித்தவன் கப்பலேறிப் போன பிறகும் அதைப் பற்றியே பேசுவான் என்பார்கள். கல்யாணப் பந்தியிலேயே நீ அவரிடம், எங்கள் வீட்டு ஒயினையும் வந்து குடித்துப் பாருங்கள் என்று வீரம் பேசியிருந்தாய். அதுவரை நீ ஒயின் போட்டதே கிடையாது. கம்பம் வரை போய்க் கூடை கூடையாகப் பன்னீர் திராட்சை வாங்கி வந்தாய். கழுவி, உலர்த்தி, கையால் பிசைந்து, சர்க்கரை, கோதுமை, ஈஸ்ட் எல்லாம் சேர்த்து, கிராம்பை மட்டும் யாருக்கோ பழி வாங்குவது போல அள்ளிப் போட்டு, சாடியின் வாயைத் துணியால் கட்டினாய். பண்டிகைக்குச் சில நாள் முன்னால் அதை அவிழ்த்தோம். காடி வாடை தாங்காமல் நான் பின்னால் நகர்ந்தேன். கிரேன் உச்சியில் உட்கார்ந்து கண்டெய்னர் தூக்குகிற நீ, அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

அன்றைக்கே மறுபடியும் பஸ் ஏறினோம். ராயப்பன்பட்டிப் பக்கம், உனக்குப் பழம் கொடுத்த தோட்டக்காரர் வீட்டுக்கு. கல்தூணும் கம்பியுமாய்ப் பந்தல், அதன் கீழே குனிந்துதான் நடக்க வேண்டும். நிமிர்ந்தால் கருங்குலை நெற்றியில் இடிக்கும். உப்பளக் காற்றையே குடித்து வளர்ந்த நமக்கு இரண்டு பக்கமும் மலை நிற்பதே அதிசயமாக இருந்தது. வருஷம் பூராவும் காய்க்கிற மண் என்றார் அவர். ஒரு பழத்தைப் பிதுக்கினேன். தோல் கையில் நின்றது, சதை வாய்க்குள் வழுக்கியது, கொட்டையைத் துப்பின பிறகும் பன்னீர் தெளித்த கல்யாண வீட்டு வாசம் போகவில்லை.

அவர் தன் வீட்டுக்குப் போட்டு வைத்திருந்ததை மூன்று தம்ளர்களில் ஊற்றி வைத்தார். தோட்டத்து ஓரத்தில் ஆசைக்கு வளர்த்த சீமைத் திராட்சைக் கொடியின் சிவப்பு ஒயின், நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கைப் பிடித்து இழுத்தது. வெள்ளையில் எலுமிச்சைத் தோல் வாடை. மூன்றாவதுதான் பன்னீர். உதட்டுக்கு வருமுன்பே மூக்குக்கு வந்துவிட்டது. ருசி பார்க்கிறவர்கள் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டுமாம். "துப்புததுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்" என்று நீ மூன்றையும் விழுங்கினாய். நான் நாகரிகமானவன், துப்புகிற மாதிரி பாவனை செய்துவிட்டு விழுங்கினேன். பன்னீருக்கு அதன் வாசமே போதும், கிராம்பைக் கொட்டி அதை மூச்சு முட்ட வைக்காதீர்கள் என்று அவர் எவ்வளவோ சொன்னார். நீ கேட்டால்தானே. கிராம்பு இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் என்று திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்தாய்.

தோட்டக்காரரிடமே வாங்கி, பழக்கூடைக்கு நடுவே மறைத்துக் கொண்டுவந்த கேன் ஒயினை உன் மாமனார் குடித்தார். கண்ணை மூடி, "மருமவன் கை மணக்குது" என்றார். அதோடு தொலைந்தாய். அதற்கப்புறம் வருஷா வருஷம் கம்பத்துப் பயணம், வருஷா வருஷம் உன் வீட்டுக்காரி, மைனி, தூங்கும்போது சாடி மாற்றம். சாடியில் நீ உண்மையாகப் போட்டதை உப்பளத்துப் பக்கம் கொண்டுபோய், சாயங்கால வெயிலில் நாம் இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்போம். கொட்டித் தொலையேன் என்றால் உன் முகம் வாடிவிடும்.

"என் கையால பிசைஞ்சதுலே. கீழ ஊத்த மனசு வரமாட்டேங்கு."

இந்த ஐப்பசியில் உன் மகள் கடைக்கு வந்தாள். அப்பா ஒயின் போடும்போது நீங்கள்தானே கூடவே இருப்பீர்கள், பக்குவத்தைச் சொல்லுங்கள், இந்த வருஷம் அப்பா இடத்தில் நான் போட வேண்டும் என்றாள். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கக் கூடாத இடத்தில் எல்லாம் திறக்கிற வாய், அன்றைக்கென்று மூடிக்கொண்டது. எனக்குத் தெரிந்தது உன் பக்குவம் ஒன்றுதான். அதைக் கிராம்பு உட்பட அப்படியே சொன்னேன். பிள்ளைக் கைக்கு ஒருவேளை வந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

பண்டிகைக்கு முந்தின வாரம், பேப்பரில் சுற்றிய பாட்டிலோடு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா பேரக் கெடுத்துட்டேன் மாமா. நீங்க சொன்ன மாதிரிதான் எல்லாம் போட்டேன். என் கைதான் சரியில்ல."

ஒரு வாய் குடித்தேன். நீயேதான். அச்சு அசலாக நீ. சிரிப்பு வந்தது, அது எப்படியோ பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிற உன் பிள்ளை ஒரு பக்கம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேன், தோட்டக்காரர், உப்பளம், எதையும் பாக்கி வைக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப அப்பா போட்டது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

"இதவிட மோசமா இருக்கும்ளா."

பாட்டிலை வாங்கி அவளும் ஒரு வாய் குடித்தாள். உன்னைப் போலவே முகத்தைச் சுளித்தாள். தோட்டக்காரருக்குப் போன் போடட்டுமா, நாளைக்கே கேன் வந்துவிடும் என்றேன். வேண்டாம், இதையே வைக்கிறேன், அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். பாட்டிலை என் கடையிலேயே விட்டுவிட்டுப் போனாள். சாடியில் இன்னும் நிறைய இருந்ததாம்.

இதையே வைத்தாள். பூசை முடிந்து வந்த சொந்தக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேக்கைப் பற்றிப் பேசினார்கள். உன் மாமனார் தம்ளரை மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளினார். மைனி அத்தனை பேர் முன்னாலும் பெருமூச்சு விட்டு, "அவுக கைப்பக்குவம் இவளுக்கு வரல அண்ணாச்சி" என்றாள். பதில் என் பல்லு வரைக்கும் வந்துவிட்டது. உன் மகள் என்னைப் பார்த்தாள். விழுங்கினேன். அவள் தனக்கு இன்னொரு தம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

ஆக, ஒருத்தியிடம் உன் பெயரைப் போட்டு உடைத்தேன். மற்ற அத்தனை பேரிடமும் உன் பெயரைக் காப்பாற்ற அவள் பெயரைப் பலி கொடுத்தேன். அவளாகத்தானே கொடுத்தாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். சரக்கு தேறவில்லை.

பொங்கல் சாமான் வாங்கக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. வருகிற நாலு பேரில் ஒருவராவது, "என்ன அண்ணாச்சி, பிள்ளைக்கு அப்பன் கை வரலையாமே" என்று ஆரம்பிக்கிறார்கள். என் வாயிலிருந்து ஏதாவது கிடைக்கும் என்று காத்து நிற்கிறார்கள். நான் தராசைப் பார்த்தபடி பச்சரிசியை நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.