காவலுக்கு ஒரு ஆள்

அக்கா, இன்று தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது தோட்டத்து ஓரத்தில் உண்ணிச்செடி ஒன்று கையில் நசுங்கியது. அந்தக் கார வாசனை மாலை வரைக்கும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் சோற்றில் அதுவே மணக்க, பாதியில் எழுந்துவிட்டேன்.

நெல்லியாளத்துக்கு மேலே அந்த ஓடைச் சரிவை உனக்கு நினைவிருக்கும். இரண்டு ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி மண்டி, உள்ளே யானை நின்றாலும் தெரியாது. அதை வெட்டி எடுத்து, பழைய காட்டு மரங்களை நடுவதற்கு வெளியூர் அறக்கட்டளை ஒன்று பணம் தந்தது. நடத்தப்போவது நம் தொழிலாளர் லயத்துப் பெண்கள், தலைவி நீ. பத்தாம் வகுப்போடு நின்று வீட்டுக்குள்ளேயே கிடந்த என்னை, எதிர் வீட்டிலிருந்து வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காவலுக்கு நிறுத்தினாய். கிளை முறியும் சத்தம் கேட்டால் தகரத் தட்டைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

"ஏனுங்கக்கா, வாயே தொறக்காத புள்ளைய காவலுக்கு வெச்சா, யானையே வந்து நம்மள கூப்பிட்டுச் சொல்லுமா?" என்று பக்கத்து வீட்டு சரசக்கா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"உன்னாட்டம் வாய் ஓயாம பேசறவளுக்குத்தான் காது கேக்காது" என்றாய் நீ.

இரண்டு மழைக்காலம் அப்படிப் போனது. ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. பிறகு அறக்கட்டளையிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் நாவல் கன்றுகளோடு நம்மை நிற்க வைத்துப் படம் பிடித்துக்கொண்டு, நடும் வேலை முடிந்ததால் பணமும் முடிந்தது என்றார்கள். "இனிமே இது உங்க காடு. நீங்கதான் பாத்துக்கணும்."

நீ விடவில்லை. "பிரசவச் செலவு குடுத்தாச்சு, பாலுக்கு நீங்களே பாத்துக்குங்கன்னு சொல்ற மாதிரி இருக்குங்களே, சார்."

அவர்களும் சிரித்தார்கள். நன்றாகப் பேசுகிறாய் என்று பாராட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள்.

கூலி நின்றதும் ஒவ்வொருவராகக் கொழுந்துக்குப் போனோம். வேறு என்ன செய்வது? உண்ணிச்செடியோ ஒரே மழையில் துளிர்த்துக் கன்றுகளை அமுக்க ஆரம்பித்தது. "இப்ப விட்டா அது நம்மளப் பாத்துச் சிரிக்கும்டி" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் நீ மட்டும் அரிவாளோடு போனாய். அப்படிப் போன ஒரு ஞாயிறு நீ திரும்பவில்லை. புதருக்குப் பின்னால் யானை நின்றது குனிந்து வெட்டுகிறவளுக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் அவர்கள் மறுபடியும் வந்தார்கள். புதிதாகப் பணம் வந்திருக்கிறதாம். இன்னும் கன்றுகள் நடலாம். சரிவுக்கு உன் பெயரை வைத்து, உன் படத்தோடு பெரிய பலகையும் வைக்கலாம் என்றார்கள். பெண்கள் தலையாட்டினார்கள். மழையில் கொழுந்து குறைந்து எல்லோர் வீட்டிலும் கஷ்டம்.

என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியவில்லை, "காவலுக்கு ஆள் உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

வந்தவர் காகிதத்தைப் புரட்டினார். "பலகைக்கு ஒதுக்கியிருக்கும்மா. காவலுக்கு இந்தத் தடவை இடமில்ல. அடுத்து பாக்கலாம்."

"அப்ப அக்கா பேரும் வேண்டாங்க" என்றேன். உன் அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

அந்தப் பணத்தோடு அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். "பேசாதவ பேசுனா, நம்ம பொழப்புல மண்ணு" என்று சரசக்கா என் காது கேட்கவே சொல்கிறாள். அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.

உன் கன்றுகளில் சில உன் உயரத்தைத் தாண்டிவிட்டன என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. காட்டுக்காக உயிரைக் கொடுத்தவள் என்று ஊரில் உன்னைப் பெருமையாகச் சொல்கிறார்கள், அக்கா. நீ எதையும் கொடுக்கவில்லை. ஒரு ஆள் கூலியை மிச்சம் பிடித்தார்கள், நீ செத்தாய். எல்லோரும் மறந்தாலும் இதை நான் இப்படியே நினைவில் வைத்திருப்பேன்.