பூ வரைந்த கார்பன் தாள்

அன்புத் தம்பிக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கிள்ளானுக்கு வரும் லோரிக்கார அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தானைப் போலீஸ் பிடித்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் புடவைக்கடையில் அவர்தானே கேஷியர். அங்கே கிரெடிட் கார்டு கொடுத்தவர்களின் பெயரில் யாரோ எங்கெங்கோ டிவி, வீடியோ எல்லாம் வாங்கியிருக்கிறார்களாம்.

கார்டை மிஷினில் வைத்துத் தேய்க்கும்போது, ரசீதுகளுக்கு நடுவில் இருக்கும் கார்பன் தாளில் நம்பரும் பெயரும் பதிந்துவிடுமாம். இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். குப்பைக்குப் போகிற அந்தத் தாள்களைத்தான், ரவிக்கைத் துணியில் எம்பிராய்டரிப் பூ வரைய அத்தான் எனக்குக் கொண்டுவருவார். நான் ஒருநாளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு வந்தபோது நீ, "கூட்டாளி பொண்டாட்டி தையல் கிளாஸ் நடத்துறா லா, அந்தத் தாள் எல்லாத்தையும் குடு அக்கா" என்றாய். சேர்த்து வைத்திருந்த பிஸ்கட் டின்னோடு கொடுத்தேன். அவள் யார் என்று கேட்கவில்லை. பொங்கலுக்கு நீ கொண்டுவந்த பெரிய டிவியைப் பற்றியும் கேட்கவில்லை. அதைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

"தாளெல்லாம் எங்கம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அடுப்புல போட்டு எரிச்சிட்டேன் சார்."

நம் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. விலங்கோடு உட்கார்ந்திருந்த அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஆமா சார், எரிச்சிட்டா" என்றார். இப்போது எல்லாப் பழியும் அவர் தலையில்.

திங்கட்கிழமை கோர்ட். வந்துவிடு தம்பி. அந்த டின்னை உன் மோட்டார் சைக்கிளில் கயிறு போட்டுக் கட்டிவிட்டதே அவர்தான்.

உன் அக்கா