விக்ரோரியா அன்ரிக்குக் கொடுத்த கமராப் படம்

பிராண்டே, டென்மார்க்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் சுஜாந்தினிக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் இங்கே நடமாடித் திரிகிறோம், நீயும் லக்சம்பேர்க்கில் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும், ஏனென்றால் உன் சுகம் எனக்குப் பக்கத்து றோட்டு விக்ரோரியா அன்ரி சொல்லித்தான் தெரிய வருகிறது. போன கிழமை கோயில் வாசலில் நின்று, "பிள்ளைக்குத் தடிமன் எல்லே, குரலே அடைச்சுப் போச்சு" என்று என்னிடம் சொல்கிறாள். பெற்றவள் நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். போன் எடுத்தால் "அம்மா, மீட்டிங்கில நிக்கிறன்" என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வெட்ட ஏலாது, அதுதான் எழுதுகிறேன்.

அவளுடைய வேலைப் பிரச்சினை உனக்குத் தெரியும் என்றாலும் நானும் சொல்லுவேன், நடந்தது என் வாசலில். அன்றைக்கு வயது போன ஒரு கிழவரை அவர் வீட்டில் பராமரிக்கப் போகிற வழியில் எனக்குப் பிட்டும் மீன்குழம்பும் கொண்டு வந்து, பையைக் கையில் தந்துவிட்டு உள்ளே வராமலே காரில் ஓடினாள். ஓடினவள் கம்பெனி கொடுத்த போனையும் அந்தப் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள். அது எங்கள் குசினி மேசையில் பிட்டோடு கிடந்தது, நான் பையைத் திறக்காமல் உடுப்பை மெசினுக்குள் போடப் போய்விட்டேன். அவள் அந்தக் கிழவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து முடித்த பிறகுதான் போனைக் காணவில்லை என்று திரும்பி வந்தாள். அந்தப் போன் எங்கே நிற்கிறது என்று கம்பெனிக்குத் தெரியுமாம். வேலை நேரத்தில் எங்கள் வீட்டில் இருந்தாள் என்று சொல்லி அவளை வேலையால் நிற்பாட்டப் பார்க்கிறார்கள். கிழவரைக் கேட்டுப் பயனில்லை, பாவம், அவருக்கு மனிசி செத்ததே நினைவில்லை.

சட்டம் படித்த நீ அவளுக்குச் சொன்னதெல்லாம் அவள் எனக்கு வந்து ஒப்புவித்தாள். தன்னைப் பற்றி வைத்திருக்கிற தரவு முழுவதையும் எழுதிக் கேட்கலாமாம், போனை வைத்து ஆளைக் கவனிக்கிறதை முதலே சொல்லியிருக்க வேண்டுமாம், அது ஐரோப்பா முழுக்க உள்ள சட்டமாம். எவ்வளவு வடிவாக விளங்கப்படுத்தியிருக்கிறாய். உன் வேலை என்ன என்று நான் கேட்டபோது "அது சொன்னா உங்களுக்கு விளங்காதம்மா" என்றாய், அவளுக்கு மட்டும் பின்னேரம் பின்னேரமாகப் பாடம் நடக்கிறது. எனக்கு எரிச்சல்தான், மறைக்க மாட்டேன். அவளுக்கு இரண்டு பெடியங்கள் இருக்கிறார்கள், உன்னை வைத்துக்கொண்டு அதில் ஒருவனையாவது எனக்கு இரவல் தரச் சொல், புல்லு வெட்டவாவது உதவுவான்.

அது போதாதென்று, அப்பா வாசலில் பூட்டின கமராவில் அவள் வந்த கையோடு போனது இருக்கும் என்று நீ யோசித்து, அதைக் கேட்க அவளையே அனுப்பினாய். கமரா என்னுடையது, மகள் என்னுடையவள், கேட்டு வந்தது விக்ரோரியா. "சுஜா சொன்னவ, மாக்கிரட்டக்கா தருவா எண்டு" என்றாள். பார்ப்போம் என்று சொல்லித் தேத்தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அப்பாவுக்கோ வேறு பயம். அந்தக் கமரா றோட்டையும் முன்வீட்டு டெனிஸ்காரரின் கதவையும் சேர்த்துப் பிடிக்கிறது, வீட்டுக்காரர் றோட்டைப் படம் பிடிக்கக் கூடாதாம். "நாங்களே போய்க் கழுத்தைக் குடுக்கிறதோ" என்று முணுமுணுத்தார். பிழையாக எடுத்த படம் வேறு, அதை நீதிமன்றம் பார்க்குமா என்பது வேறு, சட்டம் படித்தவர்களே அதில் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள் என்று நீ சொன்னதாக அவள் சொன்னாள். அதையும் அவள்தான் சொன்னாள்.

ஆனால் அந்தக் கமராவில் ஒரு மாதத்துக்கு மேல் படம் நிற்காது, இந்தப் புதனோடு அழிந்துவிடும். அதனால் நேற்று அப்பாவைப் போட்டுக் காட்டச் சொன்னேன். சத்தமும் விழுந்திருக்கிறது. "அக்கா, கால் நோகுதெண்டனீங்கள், இண்டைக்குச் சமைக்காம இருந்து சாப்பிடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஓடுகிறாள். அன்றைக்கு அது என் காதில் விழவே இல்லை. என் காலுக்காக வந்தவளுக்கு வேலை போனால் அந்தப் பிட்டு எனக்கு எப்படிச் செமிக்கும். அப்பாவைக் கொண்டு படத்தைப் பிரதி எடுத்து, இன்று பூசை முடிய அவள் கையில் கொடுத்துவிட்டேன். கட்டிப்பிடித்து அழுதாள், சீலை நனையுதடி, தள்ளி நில் என்றேன்.

கமராவை அப்பா சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். எங்கள் மேலே யாரும் வழக்குப் போட்டால் எனக்கு டெனிஸ் வழக்கறிஞர் வேண்டாம், என் மகள் வந்து கதைப்பாள் என்று சொல்லுவேன். அப்பா அதை நினைத்துப் பயப்படுகிறார், நானோ அந்த வழக்கு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இறைவன் உன்னை நல்ல புத்தியோடும் நீண்ட ஆயுளோடும் வைத்திருக்கட்டும். செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தொழிற்சங்கத்தில் கூட்டம், முடிவு எப்படியும் உனக்குத்தான் முதலில் வரும். அதை உடனே எனக்குச் சொல். இந்த முறை உன் வாயாலேயே கேட்டேன் என்று பக்கத்து றோட்டில் இருக்கிறவளிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னைப் பெற்ற,
அம்மா மாக்கிரட்